குருத்தோலைத் தொப்பியும் நான் சொன்ன பொய்யும்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஜனவரி மாதம், விடாத மழை. இடம், மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துக் காஹாங்கில் இருக்கும் என் சகலை வீடு. இதைப் படிக்கும் பிள்ளைகளில் சகலை என்றால் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என் மகளுக்குச் சித்தப்பா. என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் என்னை 'அண்ணே' என்பார், நான் அவரைத் 'தம்பி' என்பேன். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் நல்லவன் நான் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அங்கே பேக்கிங் பகுதியில் ஓர் இந்தோனேசியப் பெண் வேலை செய்தார். மதிய இடைவேளையில் தென்னங்குருத்தில் தொப்பி பின்னுவார். கோயில் திருவிழாவுக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டிப் பழகிய கை என்னுடையது; பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று மாதத்தில் நானும் கற்றுக்கொண்டேன்.

கேட்பதற்குச் சுலபமான வேலை போலத் தெரியும். இல்லை. விரியாத குருத்தாகப் பார்த்து வெட்ட வேண்டும். ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் வெட்டினால் மரம் நொந்துவிடும். ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஓலையைக் கொதிநீரில் போட்டு எடுத்து, காயவைத்து, கத்தியின் முதுகால் இழுத்து இழுத்து மழமழப்பாக்க வேண்டும். பிறகு ஒரே அகலத்தில் கிழித்து, ஈரத்துணியால் தடவித் தடவி, ஏழு இழையாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். இரண்டு விரல் அகலத்தில் நீளமான நாடா மாதிரி வரும். அந்த நாடாவை உச்சியிலிருந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைத்தால் தொப்பி.

என் சகலை வீட்டுக்குப் பின்னால் ஐந்து தென்னை மரங்கள். குருத்துக்காக நான் அங்கே போவேன். ஒரு பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணே" என்றார். சொல்லிக் கொடுத்தேன். நல்ல வெயில் காலம். இரண்டே நாளில் விரல் பழகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து என் மனைவி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அவர் பின்னிய தொப்பி. பிள்ளைகளே, என் தொப்பியின் விளிம்பு ரொட்டி சானாய் பரோட்டா மாதிரி மேலும் கீழும் போகும். அவருடையதோ தட்டைக் கவிழ்த்து வைத்தது போல் அப்படியே நின்றது. இழைக்கு இழை ஒட்டி, இடையில் ஊசி போகாது. குழுவில் ஒரே பாராட்டு. நான் என் முதல் தொப்பியின் படத்தைப் போட்டபோது இரண்டே பேர்தான் கட்டைவிரல் காட்டினார்கள். அதில் ஒன்று என் மனைவியுடையது.

அடுத்த மாதம் மாமியார் வீட்டுக்குப் போனேன். சகலை கொடுத்த தொப்பி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. நான் கொடுத்த தொப்பியைக் காணோம். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால் அங்கே மல்லாந்து கிடந்தது. உள்ளே வெங்காயம், பூண்டு.

"நல்லா காத்தோட்டமா இருக்கு மாப்ள" என்றார் மாமியார், பெருமையாக.

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அன்று முதல் சகலை பெயரை யார் எடுத்தாலும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்று குத்த ஆரம்பித்தது.

அந்த வருடம் என் மகள் நான்காம் ஆண்டு. பள்ளியில் பொங்கல் விழாவுக்கு அறுவடை நடனம். பதினெட்டுப் பிள்ளைகள். கையிலே தொப்பியை வைத்துக்கொண்டு, தலைக்குப் போட்டு, தூக்கி வீசிப் பிடித்து, ஒருவருக்கொருவர் மாற்றி ஆடும் ஆட்டம். தொப்பி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. என் மகள் ஒரு நாள் சித்தப்பா கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். நடன ஆசிரியை பிடித்துக்கொண்டார். பெற்றோர் கூட்டத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சார், இந்தத் தொப்பி பின்னுனவரு உங்க சொந்தக்காரராமே? பதினெட்டு வேணும். அவருகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

"நானும் பின்னுவேன் டீச்சர்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஓ, அப்படிங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு. அப்ப அவருக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருங்க சார்."

காரில் வரும்போது என் மனைவி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ஏன் மூஞ்சி இப்படி உப்பிக் கெடக்கு?"

"ஒன்னுமில்ல."

"தெரியும் லா. தொப்பிதானே?"

நான் வைப்பரை வேகமாகப் போட்டேன்.

டீச்சர் கேட்டதை என் மனைவி போனில் சொல்ல, சகலையும் சரி என்றுவிட்டார். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காஹாங்குக்குப் போனோம். ஒத்தாசை செய்யத்தான். போய்ப் பார்த்தால் பின்னல் எல்லாம் முடிந்திருந்தது. செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே அத்தனையும் பின்னியிருக்கிறார். கடைசி வாரம் லீவு போட்டு, கொழுந்தியாள் தையல் மெஷினில் வட்டமாகத் தைப்பது என்று திட்டம். நாடாக்களைச் சுருள் சுருளாகச் சுற்றி மூன்று பெரிய பிளாஸ்டிக் பைகளில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார்.

"கூரை ஒழுகுதுண்ணே. எறும்பு வேற. அதான் பையில போட்டுட்டேன்" என்று ஒரு பையை அவிழ்த்துக் காட்டினார். "இப்படி வச்சா சரிதானே அண்ணே?"

கையை உள்ளே விட்டேன். சில்லென்று இருந்தது. பிழிந்து காயப்போடாத துணியைத் தொட்டது மாதிரி. பின்னும்போது தடவிய ஈரம் இன்னும் போகவில்லை. மழைக்காலத்தில் போகவும் போகாது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் முதல் பின்னலை நான் இப்படித்தான் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். அந்த இந்தோனேசியப் பெண் பையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் குப்பையில் போட்டார். அப்புறம்தான் சொன்னார்: காற்றில் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போகும், கறுத்தால் எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது என்று. நான் சகலைக்குச் சொல்லிக் கொடுத்தது வெயில் காலம் என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை.

சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தியாள் தேநீரோடு வந்தாள்.

"மாமா, விஷயம் தெரியுமா? டீச்சர் நேத்து போன் பண்ணாங்க. விழாவுல இவர மேடையில கூப்பிட்டு பொன்னாடை போத்தப் போறாங்களாம்!"

"சும்மா இரு" என்றார் சகலை, கூச்சத்தோடு. "கத்துக் குடுத்தது அண்ணன். போத்துனா அவருக்குத்தான் போத்தணும்."

அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் எரிந்தது. கை நன்றாக வேலை செய்கிறது, சரி. மனிதர் நல்லவராகவும் இருக்க வேண்டுமா?

"சொல்லுங்கண்ணே. இப்படி வைக்கலாம்தானே?"

நான் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"சரிதான் தம்பி. இன்னும் நல்லா இறுக்கிக் கட்டு. காத்துப் போகாம."

அவரும் அவிழ்த்த பையை மறுபடி இறுக்கிக் கட்டினார். நாங்கள் கிளம்பும்போது கிழித்துத் தயார் செய்து வைத்திருந்த பெரிய ஓலைக்கட்டு ஒன்றை என் காரில் வைத்தார். "மிச்சம்ணே. நீங்க பின்னுங்க."

அந்த ஓலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடையது கெட்டுப்போகும், அப்போது எல்லாரும் என்னைத்தான் தேடி வருவார்கள் என்று உட்கார்ந்து பின்னினேன். ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து பின்னினேன். பின்னியதை எல்லாம் சாமான் அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு மின்விசிறியைச் சுழலவிட்டேன். என்னுடையது கெட்டுவிடக் கூடாதே!

"இதெல்லாம் யாருக்கு?" என்றாள் மனைவி.

"சும்மா, பழக்கத்துக்கு."

கூடத்தில் என் மகள் சமையலறைத் தட்டைத் தொப்பி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு ஆடிப் பழகுவாள். "சித்தப்பா தொப்பி வந்துட்டா இன்னும் நல்லா வரும்பா" என்பாள். நான் சாமான் அறைக்குள் போய்விடுவேன்.

போன் செய்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் அவிழ்த்துக் காயவைத்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். ஒரு நாள் மதியம் கைப்பேசியில் 'தம்பி, பையை' என்று தட்டவும் செய்தேன். அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவர் தொப்பியோடு நிற்கும் படத்தைப் போட்டு, 'நம் குடும்பத்துக் கலைஞர்' என்று எழுதியிருந்தார்கள். தட்டியதை அழித்துவிட்டேன்.

விழா சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை நான் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணே, போச்சுண்ணே." மூச்சு வாங்கியது அவருக்கு. "தைக்கலாம்னு பையைத் திறந்தோம். ஒரே நாத்தம். கறுப்புக் கறுப்பா புள்ளி. ரெண்டு பை போச்சு."

பிள்ளைகளே, உங்களிடம் மறைக்க மாட்டேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். சட்டைப் பையில் திடீரென்று ஏதோ கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம். "அலமாக்!" என்று வாய் மட்டும் பரிதாபப்பட்டது.

"மூணாவது பை நல்லா இருக்குண்ணே" என்றார். "பூனை கிழிச்சு வச்சிருக்கு. கவனிக்கல நாங்க. அதுல இருக்கிறது மட்டும் காஞ்சு, சுத்தமா இருக்கு."

போனை மறு காதுக்கு மாற்றினேன். "அப்படியா?"

"ம். காத்துப் போயிருக்கு."

எனக்குப் பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

"அதுல ஆறு தொப்பிதாண்ணே வரும். பிள்ளைங்களுக்கு என்ன சொல்றது?"

"எங்கிட்ட கொஞ்சம் பின்னல் இருக்கு தம்பி. பன்னெண்டு வரும்."

"பன்னெண்டா?"

"ம்."

"எப்பண்ணே பின்னுனீங்க?"

"சும்மா இருந்த நேரத்துல."

"கொண்டாங்கண்ணே" என்றார்.

மறுநாள் அவசர விடுப்பு எடுத்துக்கொண்டு காஹாங்குக்குப் போனேன். போகும் வழியெல்லாம் மழை. மனத்துக்குள் நான் மாலையும் கழுத்துமாக இருந்தேன். போனதும் கொழுந்தியாள் கண் கலங்கக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மாமா மட்டும் இல்லன்னா எங்க மானமே போயிருக்கும்."

சகலை என் நாடாக்களைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக விரலால் அளந்தார். என் பின்னல் ஓரிடத்தில் அகலமாக இருக்கும், ஓரிடத்தில் ஒடுங்கும். அப்படியே தைத்திருந்தால் பன்னிரண்டு வெங்காயக் கூடைதான் வந்திருக்கும். சரியில்லாத இடமெல்லாம் பிரித்தார், ஈரத்துணியால் தடவினார், மறுபடி பின்னினார், மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டார். கொழுந்தியாள் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கொடுத்த வேலை நூல் வெட்டுவது. மூன்று நாளில் பதினெட்டும் முடிந்தன. எது என் பின்னல், எது அவர் பின்னல் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் வேலைக்கு வேண்டியதைத் தவிர அவர் என்னோடு பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அல்லது அப்படி நினைக்க விரும்பினேன்.

சனிக்கிழமை பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் ஆடினார்கள். பதினெட்டுத் தொப்பிகளும் ஒரே நேரத்தில் மேலே போய், ஒரே நேரத்தில் கைக்கு வந்தன. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. என் மகள் முதல் வரிசையில் இருந்தாள். ஆட்டம் முடிந்ததும் ஆசிரியை ஒலிபெருக்கியில் பேசினார். கடைசி நேரத்தில் தொப்பிகள் வீணாகிவிட்டதாகவும், ஒரு தந்தை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்து காப்பாற்றியதாகவும் சொன்னார். கொழுந்தியாள்தான் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். இத்தனை நாள் எதற்காக வெந்துகொண்டிருந்தேனோ அது என் தோளில் இருந்தது. கூட்டத்தில் சகலையைத் தேடினேன். பின்வாசல் பக்கம் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டினார். கீழே என் மகள் பக்கத்துப் பிள்ளையிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்லிக் குதித்தாள். பதிலுக்குக் கையைத் தூக்கப் போனவன், பாதியிலேயே இறக்கிக்கொண்டேன்.

விழா முடிந்து அவர் காரை எடுக்கப் போகும்போது பின்னாலேயே போனேன். கார் நிறுத்தும் கொட்டகையில் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பொன்னாடையைக் கழற்றி அவர் தோளில் போடப் போனேன். அவர் கையால் தடுத்தார்.

"தம்பி, அன்னைக்கு அந்தப் பை..."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"கைய விட்டுப் பாத்துட்டு, கால்சட்டையில தொடச்சீங்க. அப்ப எனக்கு ஒன்னும் புரியல. பூனை கிழிச்ச பையைப் பாத்தப்பதான் புரிஞ்சுது." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காத்துப் போகாம கட்டுன்னு சொன்னீங்களேண்ணே."

"அன்னைக்கே போன்ல கேட்டிருக்கலாமே தம்பி. ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க பின்னல் குடுத்திருப்பீங்களா? பதினெட்டுப் பிள்ளைங்கண்ணே. நம்ம பாப்பாவும் ஆடுது." பொன்னாடையை மடித்து என் கையிலேயே வைத்தார். "இத நீங்களே வச்சுக்குங்க. பாப்பா கேப்பா. ஆனா ஒன்னு. கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க."

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மழை நின்ற பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததாக என் மனைவி சொல்வாள். அன்றைக்கே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளிடம் சொல்லத்தான் ஒரு வருடம் ஆயிற்று. அவள் கேட்டுவிட்டு, "சித்தப்பாகிட்ட சாரி சொன்னீங்களாப்பா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அந்த மழையில் நின்றபோது ஒப்புக்கொள்ளத்தான் முயன்றேன், மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. மறுவாரமே காஹாங்குக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையாட்டினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

இப்போது இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருக்கிறது. தீபாவளிக்கு வருகிறார்கள், நாங்களும் போகிறோம். அவர் தொப்பிகள் இன்னும் அழகாக வருகின்றன. பார்க்கும்போது எனக்கு நெஞ்சுக்குள் குத்தாமலும் இல்லை. இந்தப் பொறாமை ஒரே பாடத்தில் விட்டுப் போகிற சாமான் இல்லை. போன மாதம் புதிதாக ஒரு பின்னல் முறையை முயன்றிருந்தார். அதைக் கொண்டுவந்து என் மனைவியிடம் காட்டி, என் மகளிடம் காட்டி, விளிம்பு சரியாக நிற்கிறதா என்று கேட்டார். நான் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்கவில்லை. கோபத்தால் இல்லை, என் தட்டில் முறுக்கு குறைந்ததைப் பார்த்து அவரேதான் எடுத்துப் போட்டார். ஆனால் அந்த வேலையைப் பற்றி அவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை. நான் சொல்லும் பதிலை நம்பலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும் அல்லவா? அந்தச் சிரமம் எதற்கு என்று விட்டுவிட்டார்.

என்னைவிட நன்றாகச் செய்கிற ஒருவர் என்னை நம்பி ஒரு சந்தேகம் கேட்டாரே, அதைவிடப் பெரிய பொன்னாடை எனக்கு யாரும் போர்த்தப் போவதில்லை என்று இப்போது தெரிகிறது.